உழவர் கேள்வி – பதில்: களையும் மண்ணின் சத்தும்

கேள்வி: கொடிவேரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல். எப்போதும் நாற்று விட்டு நடுவோம். நடவுக்கு ஆள் கிடைக்காததால் இந்த முறை டிரம் சீடரில் (வரிசையாக விதைக்கும் உருளைக் கருவி) முளைகட்டிய விதை விதைத்தோம். 22 நாள் ஆகிறது. குதிரைவாலிப் புல்லும் கோரையும் மண்டிவிட்டன, பயிரும் வெளுத்திருக்கிறது. நேரடி விதைப்பால் மண்ணில் சத்துக் குறைந்துவிட்டதா? யூரியா போடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: யூரியாவை இப்போது போடாதீர்கள். களைக்குள் போட்டால் அது வளர்ப்பது களையைத்தான்.

விதைப்பு முறை மண்ணின் சத்தைக் குறைக்கவில்லை, அந்தச் சத்துக்குப் போட்டியைக் கூட்டியிருக்கிறது. நடவில் நாற்றுக்கு இரண்டு, மூன்று வார வயது முன்கூட்டியே இருக்கும். தேங்கிய நீர் களை விதை முளைப்பதையும் அடக்கும். டிரம் சீடர் விதைப்பில் முதல் வாரம் தண்ணீர் கட்ட முடியாது என்பதால் நெல்லும் புல்லும் ஒன்றாகவே முளைக்கின்றன. இன்னொன்று, வயலை அடிக்கடி காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால், மண்ணில் அம்மோனிய வடிவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறி, பிறகு வாயுவாகிப் போய்விடும்.

வெளுப்பு எந்த இலையில் என்று பாருங்கள். அடியிலை சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. வயல் ஈரமின்றிக் கிடந்தால் இது வரும். லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து தெளிக்கலாம். அடியிலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருந்தால் துத்தநாகக் குறை. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள மண்ணில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

களைக்கு 3–4 இலைதான் என்றால், தண்ணீரை வடித்துவிட்டு பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதவீதக் களைக்கொல்லி மருந்தை ஏக்கருக்கு 100 மி.லி., களையின் மேல் படும்படி தெளியுங்கள். இரண்டு, மூன்று நாளில் தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்துங்கள். தண்ணீர் கட்டத் தாமதித்தால் அடுத்த களை முளைத்துவிடும். புல் பெரிதாகிவிட்டால் மருந்து கேட்காது, ஆள் விட்டுப் பிடுங்குவதே வழி. களை அடங்கிய பிறகு ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா போட்டு, தண்ணீர் வெளியேறாமல் மடையை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: பிடுங்கிய களையை வரப்பில் போடுகிறோம். கோனோ வீடரால் (களையைச் சேற்றில் அமுக்கும் உருளைக் கைக்கருவி) மிதித்துவிட்டால் உரம் மிச்சமாகுமா?
– வாசகர், பவானி

பதில்: வரப்பில் போடும்போது, களை எடுத்துக்கொண்ட சத்தும் வயலை விட்டுப் போகிறது. இளங்களையைச் சேற்றில் அமுக்கினால் சீக்கிரம் மக்கி அது பயிருக்கே திரும்பும். ஆனால் அது களை தின்ற சத்துத்தானே தவிரப் புது உரமல்ல. அதை நம்பி அடியுரத்தைக் குறைக்காதீர்கள். முற்றிய களையின் தண்டு மக்கும்போது மண்ணின் தழைச்சத்தைச் சில வாரம் பிடித்து வைத்துக்கொள்ளும், விதையும் வயலிலேயே விழும்.

25×25 செ.மீ. சதுர நடவில், நட்ட 10ஆம் நாளிலிருந்து 10 நாளுக்கு ஒருமுறை வீடரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டலாம். இரண்டு விரற்கடை தண்ணீர் போதும். அதிகமானால் களை மிதக்கும், காய்ந்தால் உருளை சுழலாது. ஆரைக்கீரை இருக்கும் இடத்தில் மட்டும் வீடர் வேண்டாம். வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் வேர்விடும் என்பதால் கொடியோடு பிடுங்கி வெளியே போடுங்கள்.