மே மாசம் பாலைவனத்துல ஸ்னோவா? அரிசோனா போற அக்காவுக்கு

பட்டர்வொர்த்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மகளுக்கு அரிசோனாவுல மே மாசம் பட்டமளிப்பு, அது முடிஞ்சதும் 70 வயசு அம்மாவையும் கூட்டிக்கிட்டு பீனிக்ஸ்லேர்ந்து காருலயே கிராண்ட் கேன்யன் போறதா பிளான், ஆனா மக "அங்க மே மாசத்துலயும் சில வருஷம் ஸ்னோ கொட்டும், ஜாக்கெட் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்றாளாம். பாலைவனத்துல எப்படி ஸ்னோ, டிரிப்ப கேன்சல் பண்ணணுமான்னு கேக்குறாங்க.

கேன்சல் வேணாம்க்கா. ஆனா மக சொல்றது உண்மைதான்.

பாலைவனம்னா சூடுன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு, உண்மையில அது மழை கம்மியான எடம், அவ்வளவுதான். நம்ம பினாங்குல வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, பீனிக்ஸ்ல 200 தொடறதே கஷ்டம். குளிர முடிவு பண்றது உயரம். கொடிமலைக்கு ரயில் ஏறிப் போனா ஜார்ஜ்டவுன விட 4, 5 டிகிரி குளிருதுல்ல, அந்த கொடிமலை 830 மீட்டர்தான். பீனிக்ஸ் கெடக்கறது 330 மீட்டர்ல, நீங்க போற வழியில வர்ற ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர்ல, கேன்யனோட தெக்கு விளிம்பும் கிட்டத்தட்ட அதே உயரம். அதாவது ரெண்டு கொடிமலைய ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஏறுற மாதிரி, அதுவும் காத்து காய்ஞ்சு கெடந்தா ஏற ஏற இன்னும் வேகமா குளிரும். அதனால பீனிக்ஸ்ல 35 டிகிரி கொளுத்துற மே மாசத்துல ஃபிளாக்ஸ்டாஃப்ல பகல்லயே 20தான், ராத்திரி 1, 2 டிகிரிக்கு சாதாரணமாவே எறங்கிடும். (ஃபிளாக்ஸ்டாஃப் பைன் காடு, மணல் இல்ல, ஆனா 1,600 மீட்டர்ல இருக்கற மானுமெண்ட் வேலி பாலைவனத்து செம்மண்ணுலயும் ஸ்னோ விழும்.)

இந்த நெலமையில பசிபிக் பக்கத்துலேர்ந்து ஒரு குளிர் காத்து சுழல் வந்தா போதும். வசந்த காலத்துல ஜெட் ஸ்ட்ரீம் (ரொம்ப ஒசரத்துல ஆறு மாதிரி வேகமா ஓடுற காத்து) வடக்கே ஒதுங்கிப் போகும், அப்ப சில நேரம் அதுலேர்ந்து ஒரு துண்டு அறுந்து தெக்கே வந்து ரெண்டு மூணு நாள் அங்கயே சுத்தும், மேல் காத்து பயங்கர குளிரா இருக்கும். மழை காய்ஞ்ச காத்துல விழும்போது பாதி ஆவியாகி காத்த இன்னும் குளிர வைக்கும், குளிச்சிட்டு ஃபேன் கீழ நின்னா நடுங்குதே, அதே சங்கதி. மழையா ஆரம்பிச்சது ஸ்னோவா மாறிடும்.

இப்ப முக்கியமான விஷயம். கெளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி அமெரிக்க வானிலை சேவையோட ஃபிளாக்ஸ்டாஃப் அறிக்கையில "ஸ்னோ லெவல்"னு ஒண்ணு இருக்கா பாருங்க, அதாவது எந்த உயரத்துக்கு மேல மழை ஸ்னோவா விழும்ங்கறது, மீட்டர்ல இல்லாம அடி கணக்குல போட்டிருப்பாங்க. நீங்க போற எடம் 7,000 அடி. ஸ்னோ லெவல் 6,000னா கண்டிப்பா மாட்டுவீங்க, 9,000னா வெறும் மழை, 8,000னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க, மழை வலுத்தா அது கீழ எறங்கிடும்.

ஸ்னோன்னு தெரிஞ்சா ஒரு நாள் தள்ளிப் போடுங்க, அதுக்கு ஏத்த மாதிரி கேன்சல் பண்ணக்கூடிய ஹோட்டலா புக் பண்ணுங்க. மே மாச வெயிலுக்கு ரோடு பெரும்பாலும் மறுநாள் மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். ராத்திரி மட்டும் ஓட்டவே கூடாதுக்கா, உருகுன தண்ணி திரும்ப ஐஸா உறையும், பாக்க ஈர ரோடு மாதிரிதான் தெரியும், ஃபோர் வீல் வண்டின்னாலும் பிரேக் புடிக்காது. நம்ம ஊர் டிரைவிங் அனுபவம் அதுக்கு உதவாது.

துணிக்கு காசு கொட்ட வேணாம், பண்டல் கடையில (பழைய துணி விக்கிற கடை) ஃப்ளீஸும் காத்து புகாத ஜாக்கெட்டும் கெடைக்கும். ஜீன்ஸ் நனைஞ்சா காயாது. அம்மாவுக்கு செருப்பு வேணாம், சாக்ஸும் மூடின ஷூவும்தான். அந்த உயரத்துல அவங்களுக்கு மூச்சு வாங்கும், இதயப் பிரச்சனை இருந்தா இங்கயே டாக்டர கேட்டுட்டு போங்க.

ஸ்னோ கொட்டும்போது கேன்யன் முழுக்க மேகம் அடைச்சிக்கும், ஒண்ணும் தெரியாது. மறுநாள் காலைல போய் நில்லுங்க. விளிம்புல வெள்ளையா இருக்கும், கீழ போகப் போக செவப்புப் பாறை, ஏன்னா ஆறு 1,300 மீட்டருக்கு மேல பள்ளத்துல ஓடுது, அங்க போய் சேர்றதுக்குள்ள ஸ்னோ மழையாயிடும்.