வீட்டு நாஸ்: பெட்டியை விட டிஸ்க்கைப் பாருங்க

கருமத்தம்பட்டி: குழந்தைக போட்டோ, கல்யாண வீடியோன்னு 3 டெராபைட், நாலு எக்ஸ்டெர்னல் டிஸ்க்குல கெடக்குதுங்க. ஒரு டிஸ்க் போடற நாஸ் போதுமுங்களா?

போதாதுங்க. நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. அதை இரண்டு டிஸ்க் போடும் பெட்டியாக வாங்குங்கள். ‘ரெய்டு 1’ வைத்தால் இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றது ஓடும். இரண்டு 4 டெராபைட் போட்டால் கிடைப்பது 4 தான், விண்டோஸில் அது 3.63 என்றுதான் தெரியும். (கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி 1000-ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.) இப்போதே 3 இருப்பதால் 8 டெராபைட்டாக இரண்டு போடுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி நாஸுக்குள் செருகிவிடாதீர்கள். செட்டப்பின்போது அதை ஃபார்மட் செய்துவிடும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். யுஎஸ்பியில் மாட்டி காப்பி செய்யுங்கள்.

திருப்பூர்: நாஸ் டிஸ்க் விலை அதிகமுங்க. கடையில “எந்த 4 டெராபைட்டும் ஓடும்”ங்கறாங்க. நம்பலாமுங்களா?

ஓடும். ஒரு டிஸ்க் கெட்டு மாற்றும் நாளில்தான் வேலையைக் காட்டும்.

டிஸ்க்கில் எழுதும் முறை இரண்டு. சிஎம்ஆரில் ஒவ்வொரு தடமும் தனித்தனி. எஸ்எம்ஆரில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்தது கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதே பரப்பில் அதிகம் கொள்ளும், அதனால் விலை குறைவு. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டுமல்லவா, அதே பாடுதான் இங்கேயும். சின்னச் சின்ன ஃபைல் எழுதும் வரை டிஸ்க் தனக்குள் ஒதுக்கிய இடத்தில் தற்காலிகமாக வாங்கி வைத்துச் சமாளிக்கும். ரெய்டில் புது டிஸ்க்கை மாட்டி மணிக்கணக்கில் விடாமல் எழுதும்போது அந்த இடம் நிரம்பி, வேகம் படுத்துவிடும். பதில் வரத் தாமதமானால் ‘இந்த டிஸ்க் செத்துவிட்டது’ என்று நாஸ் அதைக் கழற்றிவிடவும் கூடும்.

2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று பிரித்தார்கள். எனவே அட்டைப்பெட்டியில் ‘பிளஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். சீகேட்டில் ‘அயர்ன்வுல்ஃப்’ சிஎம்ஆர். ‘பாரகூடா’ 4 டெராபைட்டில் எஸ்எம்ஆர் இருப்பதால் நாஸுக்கு வேண்டாம். ரெட் பிளஸுக்கும் அயர்ன்வுல்ஃபுக்கும் 3 வருட வாரண்டி.

பணம் கொடுக்கும் முன் டிஸ்க் மேல் உள்ள சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியாவுக்கு வாரண்டி காட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் இரண்டையும் இரண்டு கடையில் வாங்குங்கள். ஒரே லாட்டில் வந்தவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகவும் கூடும்.

கரூர்: எந்தக் கம்பெனி நாஸ் நல்லதுங்க?

பெயரைவிட மூன்று விஷயம் முக்கியம். செக்யூரிட்டி அப்டேட் தொடர்ந்து வருகிறதா, ராம் 2 ஜிபியாவது இருக்கிறதா, ‘ஸ்னாப்ஷாட்’ (ஃபைல்களின் பழைய நிலையைப் பதிந்து வைத்து, வேண்டும்போது திரும்ப எடுப்பது) வசதி உண்டா. நீங்கள் பார்க்கும் டிஸ்க் அந்த மாடலின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சினாலஜி கம்பெனி 2025-ல் வந்த தன் ‘பிளஸ்’ நாஸ் மாடல்களில் மற்றக் கம்பெனி டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டு, அதே வருடம் அக்டோபரில் தளர்த்திவிட்டது.

ஈரோடு: வீட்ல இன்வர்ட்டர் இருக்குதுங்க. தனியா யூபிஎஸ் எதுக்குங்க?

இன்வர்ட்டர் கரண்டைத் தரும், ஆனால் ‘கரண்ட் போச்சு, பேட்டரி தீரப்போகுது’ என்று நாஸுக்குச் சொல்லாது. யுஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ் சொல்லும். நாஸ் எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுத் தானே அணைந்துகொள்ளும். திடீரென்று அணைந்தால் ஒரு டிஸ்க்கில் எழுதியது மற்றதில் எழுதப்படாமல் நிற்கும். அடுத்த முறை ஆன் செய்ததும் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்யவே பல மணி நேரம் ஆகும்.

600 விஏ போதும். இரண்டு டிஸ்க் நாஸ் சுமார் 20 வாட்தான் இழுக்கும். ஆனால் மலிவான 600 விஏ பலவற்றில் யுஎஸ்பி போர்ட் இருக்காது, பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். நாஸ் செட்டிங்கில் ‘5 நிமிடத்தில் அணை’ என்று வையுங்கள். பிறகு யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, நாஸ் உண்மையிலேயே அணைகிறதா என்று பாருங்கள்.

ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ் வைத்தால், அந்தக் கரண்டை ஏற்காமல் சில யூபிஎஸ்கள் பேட்டரிக்கே போய்ப் போய் வரும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். சைன் வேவ் என்றால் தொந்தரவு இல்லை.

பல்லடம்: தறி ஷெட்ல இருக்கற ஆபீஸ் ரூம்ல வைக்கலாமுங்களா?

வேண்டாம். பஞ்சு ஃபேனை அடைக்கும், தறி அதிர்வு டிஸ்க்கின் ஹெட்டை (படித்து எழுதும் முனையை)ப் பாதிக்கும். வீட்டில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் நிற்கட்டும்.

கோபி: நாஸுக்கு காப்பி பண்ணினா 11 எம்பிக்கு மேல ஏறவே மாட்டீங்குதுங்க. நாஸ் பழுதா?

நாஸ் நன்றாகத்தான் இருக்கிறது. வினாடிக்கு 11 எம்பி என்றாலே நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஜிகாபிட் என்றால் 110 வரும். 2 டெராபைட் காப்பி செய்ய ஒன்றில் 50 மணி நேரம், மற்றதில் 5 மணி நேரம்.

இரண்டு இடத்தில் தேடுங்கள். நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரின் லேன் போர்ட் 100 ஆக இருக்கலாம். இல்லையென்றால் கேபிள் முனையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: எட்டுக் கம்பியும் இருக்க வேண்டும். நாலு மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் 100-ஐத் தாண்டாது. கேட் 5ஈ கேபிளே போதும், எட்டும் சரியாகக் கிரிம்ப் ஆகியிருந்தால் சரி. ரவுட்டர்தான் காரணமென்றால் 5 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரையும் நாஸையும் அதில் மாட்டி, ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரு ஒயர் விடுங்கள்.

பொள்ளாச்சி: பையன் பெங்களூருல இருக்கறான். அங்கிருந்து பார்க்கணும். போர்ட் ஃபார்வர்டு பண்ணியும் வரலீங்க.

வராததே நல்லது. போர்ட் ஃபார்வர்டு என்பது இன்டர்நெட்டிலிருந்து நாஸுக்கு ரவுட்டரில் நேர் வழி திறப்பது. ரவுட்டரின் வேன் ஐபி (நெட் கம்பெனி அதற்குக் கொடுத்த முகவரி) 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் ஆரம்பித்தால், பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைக் கம்பெனி பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ஃபார்வர்டு வேலை செய்யாது. வேலை செய்தாலும் திறக்காதீர்கள். 2022-ல் ‘டெட்போல்ட்’ என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம்), இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த க்யூநாப் நாஸ்களைத்தான் குறிவைத்துப் பூட்டியது. ரவுட்டரில் வழி திறக்காமலே இரண்டு கருவிகளைத் தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆப்பை நாஸிலும் பையன் போனிலும் போட்டு, ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். ரவுட்டரில் யூபிஎன்பியை (கருவிகள் கேட்டதும் தானாகவே போர்ட் திறந்துவிடும் வசதியை) அணைத்துவிடுங்கள்.

அவினாசி: ரெண்டு டிஸ்க்லயும் இருக்குதே, பழைய எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை அழிச்சிரலாமுங்களா?

அழிக்காதீர்கள். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை இரண்டிலும் அந்த நொடியே அழிக்கும். இடி விழுந்தாலும் திருடு போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். அந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கையே மாதம் ஒருமுறை நாஸின் யுஎஸ்பியில் மாட்டி பேக்கப் எடுத்து, மாமனார் வீட்டு பீரோவில் வையுங்கள். வீட்டுக்கு எடுத்து வரும்போதெல்லாம் ஏதாவது நாலு போட்டோவை அதிலிருந்து திறந்து பாருங்கள்.