மலிவு மடிக்கணினிக்குப் பதிலாக லினக்ஸ் டேப்லெட் வாங்கலாமா?

பாடக்குறிப்பு எழுதவும், பிடிஎஃப் படிக்கவும், ஓரளவு நிரல் எழுதிப் பழகவும் மலிவான மடிக்கணினி ஒன்று வாங்க எண்ணியிருந்ததாகவும், அதே தொகைக்கு விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் ஓடும் டேப்லெட்டும் கழற்றி மாட்டும் விசைப்பலகையும் வாங்கினால் காரியம் நடக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடக்கும் என்பதே என் பதில். ஆனால் அது நீங்கள் எந்த டேப்லெட்டை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் டேப்லெட் என்று பெயரிட்டே விற்கப்படும் மலிவான கருவிகளை விட்டுவிட்டு, விண்டோஸுக்காகத் தயாரிக்கப்பட்டு இப்போது பழைய பொருளாகக் கைமாறும் இன்டெல் புராசசர் டேப்லெட் ஒன்றைத் தேடுங்கள் என்றே சொல்வேன். மூன்று ஆண்டுகளாக அத்தகைய ஒன்றையே என் முதன்மைக் கணினியாக வைத்திருக்கிறேன்; இந்தப் பதிலையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

புதிதாகக் கிடைக்கும் மிக மலிவான மடிக்கணினிகளில் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட, பிறகு கூட்டவே முடியாத 4 ஜிபி ரேம். எஸ்எஸ்டியை விட மெதுவான, மலிவு வகையான 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட, சற்றுச் சாய்ந்து பார்த்தாலே நிறம் வெளிறும் டிஎன் திரை. இஎம்எம்சி இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான். நடைமுறையில் அதையும் எட்டாது. ஓர் உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்துவிட்டால் 4 ஜிபி ரேம் நிரம்பி, மிச்சம் அந்த மெதுவான சேமிப்பகத்துக்கு வழியத் தொடங்கும். புதுக் கணினி ஆறே மாதத்தில் கிழடு தட்டிவிட்டது என்று பலரும் வருந்துவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

இதற்கு எதிரே, 2015 முதல் 2017 வரை அலுவலகங்களுக்கென்று விற்கப்பட்ட டேப்லெட் கணினிகளை வைத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 2015இல் வந்த, மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோ 4 கருவியின் திரை 12.3 அங்குலம், 2736க்கு 1824 புள்ளிகள். 8 ஜிபி ரேமும் முறையான எஸ்எஸ்டியும் கொண்ட வகைகள் அந்தத் தலைமுறையில் ஏராளமாக உண்டு. அவை இன்று மலிவாகக் கிடைப்பதற்கு அவற்றின் வன்பொருளில் எந்தக் குறையும் காரணமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் புராசசரிலிருந்துதான் ஏற்கும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கருவிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கோ இந்த வேறுபாடே கிடையாது. அந்தப் புராசசர்களை அது முழுமையாக அறிந்திருக்கிறது.

கைப்பேசிகளில் இருப்பது போன்ற ஆர்ம் வகைப் புராசசருடன் லினக்ஸுக்கென்றே செய்த டேப்லெட்டை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த முயற்சிகள் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. 2005இல் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட மேமோ இயங்குதளத்துடன் நோக்கியா 770 வந்ததிலிருந்தே, கையில் ஏந்தும் கணினியில் தடையற்ற இயங்குதளம் ஓட வேண்டும் என்று பாடுபட்டவர்கள் பலர். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இன்டெல் வகைக் கணினி தொடங்கும்போதே, தன்னிடம் என்னென்ன பாகங்கள் உள்ளன என்பதை யுஇஎஃப்ஐ, ஏசிபிஐ என்னும் பொது ஏற்பாடுகளின் வழியே கெர்னலுக்குத் தெரிவித்துவிடுகிறது. அதனால்தான் ஒரே நிறுவல் கோப்பு ஆயிரக்கணக்கான மாடல்களில் ஓடுகிறது. பெரும்பாலான ஆர்ம் டேப்லெட்டுகளில் அந்த ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் பாகங்களை விவரிக்கும் தனிக் கோப்பு ஒன்றை யாரேனும் எழுதிக் கெர்னலில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தவர் சோர்ந்துவிட்டால் கருவியும் அத்துடன் நின்றுவிடும்.

பைன்டேப் 2 இதற்குத் தக்க சான்று. 2023இல் வெளிவந்தது, ராக்சிப் ஆர்கே3566 புராசசர், 4 அல்லது 8 ஜிபி ரேம், 10.1 அங்குலத் திரை, உடன் ஒரு விசைப்பலகை. எளிய வேலைகளுக்கு ஏற்ற, நன்கு சிந்தித்துச் செய்த கருவிதான். ஆனால் விற்பனைக்கு வந்தபோது அதன் வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஆயத்தமாக இருக்கவில்லை. முதல் வாங்குநர்கள் யூஎஸ்பி வழியாக வேறு இணைப்பைச் செருகியே இணையத்தை அடைந்தார்கள். முன்னோடிகளுக்கும் மென்பொருள் எழுதுவோருக்குமான கருவி இது என்று தயாரிப்பாளர்களே வெளிப்படையாகத்தான் சொன்னார்கள். நாளை பாடம் இருக்கிறது, இன்றே குறிப்பெடுக்க வேண்டும் என்னும் நிலையில் உள்ளவருக்கு அது உகந்ததன்று.

இன்டெல் புராசசருடன் லினக்ஸுக்காகவே வரும் புதிய டேப்லெட்டும் உண்டு: ஸ்டார்லைட் ஐந்தாம் பதிப்பில் நான்கு உள்ளகங்கள் கொண்ட என்200 புராசசர், 16 ஜிபி ரேம், 12.5 அங்குலத் திரை, கோர்பூட் என்னும் திறந்தமூலத் தொடக்க மென்பொருள் ஆகியவை இருக்கின்றன. பணம் தடையில்லை என்றால் மறுபேச்சின்றி அதையே சொல்வேன். அது மலிவு மடிக்கணினியின் விலைக்கு வராது என்பதால் உங்கள் கேள்விக்குள் அடங்கவில்லை. வீட்டில் கிடக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் லினக்ஸ் நிறுவலாமா என்றால், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற திட்டம் 2017 முதல் அதற்காகவே உழைத்து வருகிறது. உங்கள் மாடல் அவர்களது பட்டியலில் இருந்து, கருவியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரும் பூட்டப்படாமல் இருந்தால் கற்றுக்கொள்வதற்காகச் செய்து பாருங்கள். படிப்புக்கான ஒரே கணினியாக அதை நம்ப வேண்டாம்.

இனி அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். தொடுதிரைக்கு எனக்குப் பிடித்த மேசைச்சூழல், அதாவது சாளரங்களும் பட்டிகளும் கொண்ட திரை இடைமுகம், குனோம். கேடிஇ பிளாஸ்மாவும் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டிலும், திரைக்காட்சியைக் கையாளும் புதிய முறையான வேலாண்ட் அமர்வையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் விரலால் உருட்டுவதும், இரு விரலால் பெரிதாக்குவதும், எழுத்துப்பெட்டியைத் தொட்டவுடன் திரை விசைப்பலகை எழும்புவதும் அதில்தான் சீராக நடக்கின்றன. 121ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸும் இயல்பாகவே வேலாண்டில் ஓடுகிறது. அதற்கு முந்தைய எக்ஸ்11 முறைக்கு எழுதிய பழைய மென்பொருள்களில் மட்டும் திரை விசைப்பலகையை நாமே கீழிருந்து மேலே தள்ளித் திறக்க வேண்டியிருக்கும்.

ஒரு நுணுக்கத்தை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து நிறுவினால், கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டம் மேசைச்சூழல் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை வழங்கல்கள் என்பார்கள்; அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டத்தில் திரை விசைப்பலகை கிடையாது. விசைப்பலகையைக் கழற்றிவைத்துவிட்டு டேப்லெட்டை மட்டும் எடுத்துச் சென்ற ஒரு நாள், கேள்விக்குறியுடன் நிற்கும் கறுப்புத் திரையைப் பார்த்தபடியே திரும்பினேன். அதற்காக மறையாக்கத்தைக் கைவிடாதீர்கள், தொலைந்துபோக வாய்ப்புள்ள கருவிக்கு அது கட்டாயம் தேவை. கருவியை அணைக்காமல் உறக்க நிலையில் எடுத்துச் செல்லுங்கள், அல்லது விசைப்பலகையை உடன் கொண்டு செல்லுங்கள்.

அந்த உறக்க நிலைதான் லினக்ஸ் டேப்லெட்டின் மிகப் பலவீனமான இடம். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய மடிக்கணினிகளில் உறக்கம் என்றால் ரேமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற அனைத்தையும் நிறுத்திவிடுவது. பல டேப்லெட்டுகளில் அந்த வழியே இல்லை. கைப்பேசியைப் போல, கணினி விழித்திருந்தபடியே ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகத் தன் மின்செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வைஃபை சில்லோ எஸ்எஸ்டியோ, ஏதேனும் ஒன்றின் டிரைவர் அடங்க மறுத்தால், புராசசரால் ஆழ்ந்த நிலைக்குப் போக முடியாது. இரவில் முக்கால் பங்கு மின்னேற்றத்துடன் பைக்குள் வைத்த கருவி காலையில் சூடாகவும் வெறுமையாகவும் கிடப்பதற்கு இதுவே காரணம். என் கருவியிலும் முதல் சில வாரங்கள் இதே கதைதான்.

இதற்கு எனக்குப் பயன்பட்ட தீர்வு, முதலில் உறங்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுமையாக அணைந்துபோகும் ஏற்பாடு. பெரும்பாலான வழங்கல்களில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அமைப்பில் இதற்கு நேரடியான வசதி உண்டு. ரேமில் உள்ளதைத் தாங்கும் அளவுக்கு ஸ்வாப் என்னும் வட்டு இடத்தை நிறுவும்போதே ஒதுக்கிவிட வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் பல வழங்கல்களின் கெர்னல் இவ்வாறு வட்டில் எழுதி அணைவதை மறுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இதைச் செய்து முடித்த பிறகுதான் அந்தக் கருவியை முழு நம்பிக்கையுடன் வெளியே எடுத்துச் செல்லத் தொடங்கினேன்.

அடுத்த குறை கேமரா. மடிக்கணினியின் கேமரா பெரும்பாலும் உள்ளுக்குள் யூஎஸ்பியில்தான் இணைந்திருக்கும். அப்படி இருந்தால் எந்த லினக்ஸும் அதை உடனே அடையாளம் காணும். பல டேப்லெட்டுகளில் கேமராவின் உணரி நேராக முதன்மைச் சில்லுடன் பிணைக்கப்பட்டு, பதப்படுத்தப்படாத தரவை மட்டுமே அனுப்புகிறது; வெளிச்சம், நிறம், குவியம் எல்லாவற்றையும் மென்பொருளே கணக்கிட வேண்டும். லிப்கேமரா திட்டம் இதில் பெரும் முன்னேற்றம் கண்டிருந்தாலும், மாடலுக்கு மாடல் பலன் மாறுகிறது. காணொளி வகுப்புகள் உங்களுக்கு முக்கியம் என்றால், தனி யூஎஸ்பி கேமரா ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொண்டு நான் இதையே வைத்திருப்பதற்குக் காரணம் ஸ்டைலஸ். வாகம் வகைப் பேனாக்களுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால், அந்தத் தொழில்நுட்பம் கொண்ட கருவிகளில் அழுத்த வேறுபாடு உட்பட எல்லாமே பெரும்பாலும் நிறுவிய உடனேயே இயங்கிவிடுகின்றன. பேனா திரையை நெருங்கும்போது உள்ளங்கையின் தொடுகை தானாகவே புறக்கணிக்கப்படுகிறது. எக்ஸோர்னல்++ மென்பொருளில் பாட நூலின் பிடிஎஃப்பைத் திறந்து, அதன் மேலேயே அடிக்கோடிட்டு, ஓரத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்து, அடுத்த நிமிடம் விசைப்பலகையை மாட்டி, அதே கணக்கைப் பைத்தானில் எழுதிச் சரிபார்க்கலாம். திரையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு நூலின் முழுப் பக்கத்தையும் உருட்டாமல் படிக்கும் வசதியை, அகலமாக மட்டுமே நிற்கும் 1366 புள்ளித் திரை ஒருபோதும் தராது. குறிப்பும் வாசிப்பும் உங்கள் வேலையில் பாதியாவது இருக்கும் என்றால், மலிவு மடிக்கணினியை விட இது உங்களுக்கு மேலானது என்று உறுதியாகச் சொல்வேன்.

நாள் முழுவதும் தட்டச்சு மட்டுமே செய்யப்போகிறீர்கள் என்றால் என் பரிந்துரை மாறிவிடும். பின்தாங்கியில் நிற்கும் டேப்லெட் மேசையில் உறுதியாக நிற்கும், மடியில் நிற்காது. அதன் மெல்லிய விசைப்பலகை நீண்ட நேரத்துக்கு விரலை அயரவைக்கும். விசிறி இல்லாத 4.5 வாட் கோர் எம்3 போன்ற புராசசர்கள் சில நிமிடங்கள் விரைவாக ஓடிவிட்டு, வெப்பம் ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பெரிய நிரல்களைத் தொகுப்போருக்கு (கம்பைல் செய்வோருக்கு) அது தெளிவாகவே உறுத்தும். அத்தகையவர் வாங்க வேண்டியது அதே தலைமுறையைச் சேர்ந்த, அலுவலகத்தில் பயன்பட்ட பழைய மடிக்கணினி. அவற்றில் பலவற்றில் ரேமையும் பேட்டரியையும் திருகாணி கழற்றி மாற்றிவிடலாம். டேப்லெட்டிலோ பெரும்பாலும் திரையே பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பேட்டரியை மாற்றச் சூடாக்கி, கண்ணாடியை விரிசல் விடாமல் பிரிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை, 2013க்கும் 2015க்கும் இடையே வந்த, இன்டெலின் மலிவு வகையான ஆட்டம் புராசசர் கொண்ட டேப்லெட்டுகள். அவற்றில் பல 2 ஜிபி ரேம் கொண்டவை. 64 பிட் புராசசர் இருந்தும் யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட்டில் இருப்பதால் வழக்கமான நிறுவல் கோப்புகள் பல தொடங்கவே செய்யாது. சர்ஃபேஸ் புரோ வரிசையை எடுத்தால், 4 முதல் 7 வரையிலான மாடல்களில் தொடுதிரை முறையாக வேலை செய்ய லினக்ஸ்-சர்ஃபேஸ் திட்டத்தின் தனிக் கெர்னலை நிறுவ வேண்டியிருக்கும். சற்றுச் சிறியதான ‘சர்ஃபேஸ் கோ’ மாடலில் தொடுதிரை சாதாரணக் கெர்னலிலேயே இயங்கும்.

பொருளைக் கையில் கொடுத்துச் சோதிக்க அனுமதிக்கும் விற்பனையாளரிடமே வாங்குங்கள். போகும்போது, ஃபெடோரா அல்லது உபுண்டுவை நிறுவாமலே ஓடவிடும் வகையில் எழுதிய பென் டிரைவ் ஒன்றையும், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் பல டேப்லெட்டுகளில் ஒரே ஒரு துளைதான் இருக்கும். அதிலிருந்து தொடங்கி, வைஃபை இணைகிறதா, திரையின் நான்கு மூலைகளிலும் தொடுகை பதிகிறதா, கருவியைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறதா, பேனாவை அழுத்த அழுத்தக் கோடு தடிக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் தற்போதைய கொள்ளளவையும், அது புதிதாக இருந்தபோது கொண்டிருந்த கொள்ளளவையும் குனோமின் மின்சக்திப் புள்ளிவிவரக் கருவி அருகருகே காட்டும். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் வாங்காதீர்கள். கடைசியாக ஒருமுறை உறக்க நிலைக்கு அனுப்பி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்து, பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்து, எழுப்பியவுடன் தொடுதிரையும் வைஃபையும் சேர்ந்தே விழித்துக்கொண்டால் வாங்கிவிடலாம்.