நுனி கருகினால் உரத்தைத் தேடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு திருப்பூரில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஹாலில் பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா என்று பதினோரு தொட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் செம்மண் கலவைதான். நான்கு மாதமாக இலைகளின் நுனி பழுப்பாகிக் கருகிக்கொண்டே வருகிறது. வெட்டிவிட்டால் மறுபடியும் கருகுகிறது. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் மாதம் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. உரமும் கொடுக்கிறேன். தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியே விடும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,200 என்று மெஷின் மாட்ட வந்தவர் சொன்னார். வேறு என்ன உரம் கொடுக்கலாம்? அதே ஹாலில் பாட்டிலில் குடிதண்ணீர் ஊற்றி வைத்த மணி பிளான்ட் மட்டும் பச்சையாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. அதே ஹால், அதே வெளிச்சம், அதே காற்று. மணி பிளான்டுக்கு மட்டும் தண்ணீர் வேறு. உங்கள் செடிகளுக்குச் சத்து குறையவில்லை. உப்பு கூடிவிட்டது. தயவுசெய்து இன்னொரு உரம் வாங்காதீர்கள்.

ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை, பிரித்துத் தள்ளுகிறது. உங்கள் தண்ணீரையே கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.டி.எஸ். 1,200 என்றால் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். 3 லிட்டர் போர் தண்ணீர் உள்ளே போனால் அதில் 3,600 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீராக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 மில்லிகிராம் போனாலும், மீதி உப்பு முழுக்க வெளியே வரும் இரண்டு லிட்டரில்தான் இருக்க வேண்டும். அதாவது லிட்டருக்கு 1,700-க்கு மேல். உப்புத் தண்ணீர் என்று நாம் முகம் சுளிக்கும் போர் தண்ணீரைவிட இது ஒன்றரை மடங்கு கரிப்பு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் மனசு நல்ல மனசு. அந்தத் தண்ணீர் வாசல் கழுவட்டும், பாத்ரூமுக்குப் போகட்டும். தொட்டிக்கு மட்டும் வேண்டாம்.

நுனி ஏன் முதலில் கருகுகிறது? வேர் இழுக்கும் தண்ணீரோடு உப்பும் இலைக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அந்த இடம் செத்துவிடுகிறது. மண்ணில் உப்பு மிஞ்சிவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தொட்டி நனைந்திருக்கும், செடி தாகத்தில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னும் அதே தண்ணீரை ஊற்றுவோம்.

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டக் கிணறும் தோட்டமும் கெட்டதை நம் ஊரே பார்த்தது. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய நிலத்துக்கு வந்த நோய்தான், அளவில் சிறிதாக, உங்கள் தொட்டிக்கும் வந்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் மழை பெய்து உப்பை அலசிவிடவும் வழியில்லை.

சரி, நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு தொட்டியைச் சன்னலோரம் எடுத்துப் போய்ப் பாருங்கள். மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? நகத்தால் சுரண்டுங்கள். பஞ்சு மாதிரி வந்தால் பூஞ்சணம். சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி உதிர்ந்தால் உப்பு. அப்புறம் கருகிய இலையைப் பாருங்கள். காகிதம் போல மொறமொறவென்று இருக்கும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு மஞ்சள் கோடு ஓடும்.

கருகல் வேறு மாதிரி இருந்தால் காரணமும் வேறு. பழுப்பு மெதுமெதுவென்று, கருப்புக் கலந்து, இலையின் நடுவிலும் இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். சொதசொதவென்று இருந்து புளித்த வாடை வந்தால் வேர் அழுகல். கண்ணாடிப் பக்கம் இருக்கும் இலையில் மட்டும் வெளுத்த திட்டு என்றால் அது வெயில். அடியில் இருக்கும் கிழட்டு இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்ந்தால் அதற்கு வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள். நரம்பு பச்சையாக, இடையில் மட்டும் வெளுத்து வந்தால்தான் சத்துக் குறைவைப் பற்றி யோசிக்க வேண்டும். அது குருத்தில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்து, அடி இலையில் தெரிந்தால் மக்னீசியம். நீங்கள் எழுதியிருப்பதில் இது எதுவும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. மேல்மண்ணை ஒரு விரல்கடை சுரண்டி எறியுங்கள். தொட்டியைப் பாத்ரூமுக்குத் தூக்கிப் போய், நல்ல தண்ணீரைச் சன்னமாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றுங்கள். 8 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்கு 16 முதல் 24 லிட்டர் வரை வேண்டும். அடி ஓட்டை வழியாக அது முழுக்க வடிந்து போக வேண்டும். பாதி ஊற்றி அரை மணி நேரம் விட்டால், ஒட்டியிருக்கும் உப்பும் கரைந்துகொள்ளும். பதினொன்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது, வாரம் இரண்டு தொட்டி போதும். அலசியபின் மேல்மண் காய்ந்தால்தான் மறுபடி தண்ணீர். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் வடிந்த உப்பை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு குடம் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டில் ஏ.சி. இருந்தால் அதில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, ஒரு பக்கெட் வைத்துப் பிடிக்கலாம். ஐப்பசி மழையில் மொட்டை மாடித் தண்ணீர் இரண்டு டிரம் பிடித்துவிட்டால் மாசக்கணக்கில் வரும். தண்ணீரின் கடினத்தைக் குறைக்க உப்புப் போட்டு ஓட்டும் சாப்ட்னர் மெஷின் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கும், செடிக்கு அது இன்னும் கெடுதல்.

புண்ணாக்குக் கரைசலும் டி.ஏ.பி.யும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். டி.ஏ.பி.யே ஒரு உப்புதான். எப்சம் சால்ட் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள், பெயரிலேயே உப்பு இருக்கிறது.

பழைய மண்ணைத் தூக்கிப்போட்டுப் புதுக் கலவைக்கு மாற்றுவதானால் தென்னை நார்க்கழிவில் கவனம் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கழுவாத நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். மில்லில் இருந்து ஒரு மூட்டை நேராக வாங்கி வந்து கலந்து, என் அம்மா வளர்த்துக் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று ஒன்றரை மாதத்தில் ஓரம் ஓரமாகக் கருகிச் செத்தது. கத்திரி வெயிலென்று நினைத்து நிழலுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தேன். இப்போதெல்லாம் நார்க்கழிவை ஊறவைத்து, பிழிந்து, தேநீர் நிறத் தண்ணீர் வெளுக்கும் வரை நாலைந்து முறை அலசாமல் தொட்டிப் பக்கம் கொண்டு போவதில்லை. முடிந்தால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். தொட்டிக்கு அடியில் வடியும் தண்ணீரை அதில் பார்த்தால் எண் இறங்குவது தெரியும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. கத்திரிக்கோலால் இலையின் வடிவத்துக்கே சாய்வாக வெட்டி, பழுப்பில் மெல்லிசாக ஒரு கோடு விட்டுவையுங்கள். பச்சையில் வெட்டுப்பட்டால் அங்கிருந்து புதிதாகக் காயும். பழைய இலைகளைப் பார்த்து மனசு விட வேண்டாம். அலசியபின் வருகிற குருத்தைப் பாருங்கள். பீஸ் லில்லியில் அடுத்த இரண்டு இலை விரிந்ததும் நுனியைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.