சிவில் முடித்ததும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் முதுகலை படிக்கலாமா? என்ன வேலை கிடைக்கும்?

சிவில் இறுதியாண்டில் இருக்கிறீர்கள், முடித்த கையோடு இதில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சிவில்தான். சில வருடம் சைட்டில் இருந்துவிட்டு இந்தப் படிப்புக்குப் போனேன்; இப்போது சென்னையில் பிளானிங் வேலை. தாராளமாகப் படியுங்கள். ஆனால் இரண்டு வருடமாவது சைட்டில் நின்றுவிட்டுப் போங்கள்.

இந்தப் படிப்பின் உயிர் ஷெட்யூல் போடுவது. எந்த வேலைகள் பிந்தினால் மொத்த ப்ராஜெக்டும் பிந்தும் என்று பார்க்கும் கிரிட்டிக்கல் பாத் கணக்கை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று எழுதுவதுதான் கஷ்டம். நாலரை மீட்டருக்கு மேல் ஸ்பான் (தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரம்) இருக்கும் கான்கிரீட் ஸ்லாபுக்கு அடியில் கொடுத்த முட்டுகளை எடுக்க சாதாரணமாக 14 நாள் ஆக வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. அப்படியானால் கையில் எத்தனை செட் ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த மாடியின் வேகம். அக்டோபரில் பேஸ்மென்ட் தோண்டினால் சென்னை மழை என்ன செய்யும், சத் பூஜைக்கு பீகார் ஆட்கள் ஊருக்குப் போனால் யாரை வைத்துக் கம்பி கட்டுவது? இதையெல்லாம் பார்த்தவருக்கு வகுப்பில் சொல்வது சட்டென்று பிடிபடும்.

எங்கே படிப்பது? கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டுமான மேலாண்மையில் எம்.இ. இருக்கிறது. புனேயில் உள்ள நிக்மார் என்ற கல்வி நிறுவனம் இதற்கென்றே பெயர் பெற்றது. வெளிநாடு என்றால் மான்செஸ்டர், லண்டன் யுசிஎல் போன்ற இடங்களில் ஒரு வருடப் படிப்பு. எங்கே போனாலும் ஒப்பந்தச் சட்டம் பாடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் என்றால், முடித்ததும் யாரும் ப்ராஜெக்ட் மேனேஜர் நாற்காலியைத் தர மாட்டார்கள். பிளானிங் இன்ஜினியர், பில்லிங், குவாண்டிட்டி சர்வே (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுவது), கான்ட்ராக்ட்ஸ் என்றுதான் தொடங்கும். இதில் நான் மிகவும் மதிப்பது கிளெய்ம் வேலை. கிளையன்ட் டிராயிங்கைத் தாமதமாகத் தருகிறார், நிலத்தை ஒப்படைக்கவில்லை. அதனால் கான்ட்ராக்டர் கூடுதல் நாட்கள் கேட்கிறார். ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தங்களில் இதற்கு 28 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தும் உரிமையே போய்விடலாம். எந்தத் தாமதம் முடிவுத் தேதியைத் தள்ளியது என்று பிரைமவேரா என்ற ஷெட்யூல் மென்பொருளிலும் தினசரி சைட் ரிப்போர்ட்டிலும் இருந்து நிரூபிப்பவர்தான் கம்பெனியை அபராதத்திலிருந்து காப்பாற்றுகிறார். வளைகுடா நாடுகளிலும் இந்த அனுபவத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. ஐடி பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அங்கே வேலை முறையே வேறு.

அப்புறம் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழ். நாலு வருடப் பட்டம் இருந்தாலும் ப்ராஜெக்டை வழிநடத்திய 36 மாத அனுபவம் இருந்தால்தான் அந்தப் பரீட்சையே எழுத முடியும். படிக்கும்போதே வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அனுபவம் கேட்காதது, புதியவர்களுக்கான சிஏபிஎம் சான்றிதழ்.

இப்போதே ஒன்று செய்யலாம். கல்லூரிக்குப் பக்கத்தில் எழும்பும் ஒரு கட்டிடத்துக்கு எக்செல்லிலாவது ஷெட்யூல் போட்டு, வாராவாரம் போய்ப் பார்த்து, எங்கே எதனால் பிந்தியது என்று எழுதி வையுங்கள். புதியவர்களை வேலைக்கு எடுக்கும் நேர்காணல்களில் நான் உட்காரும்போது, மார்க் ஷீட்டுக்கு முன்னால் இப்படி ஒரு நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.