கட்டுமான ஆராய்ச்சியில் கல்லூரியும் நிறுவனமும் இணைந்து செயல்படுவதால் உண்மையில் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. நீங்கள் ஏதோ ஓர் ஆலையில் சோதனைக் கலவைக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்கும் ஆய்வு மாணவர் என்று எண்ணிக்கொண்டு, கான்கிரீட்டைக் கலந்து லாரியில் தளத்துக்கு அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எல்சி3 சிமெண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட்டின் முதன்மைப் பொருளான, சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கும் இந்த முறையில் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கியூபாவின் பல்கலைக்கழகம் ஒன்று, டெல்லி, சென்னை, மும்பை ஐஐடிகள் ஆகியவை பல ஆண்டுகள் உழைத்தன. கிளிங்கருக்கு 1450 டிகிரி வெப்பம் வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவே போதும். இது ஆய்வகத்திலேயே தெரிந்த செய்தி என்றாலும், ஆலைகளில் டன் கணக்கில் தயாரித்துப் பார்த்த பின்னரே 2023இல் இதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 18189 வெளிவந்தது. தரநிலை இல்லாத சிமெண்ட்டை எந்தக் கன்சல்டன்டும் தளத்துக்குள் விடமாட்டார்.

எங்கள் ஆலைக்கும் ஒரு கல்லூரிக் குழு சுட்ட களிமண் கலவையோடு வந்தது. அவர்களுடைய 28 நாள் க்யூப் (கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கி வலிமை பார்க்கும் சோதனை) முடிவுகளில் குறையே இல்லை. ஆனால் கோடை வெயிலில், போக்குவரத்து நெரிசலில் நின்ற டிரான்சிட் மிக்சர் லாரி தளத்தை அடைவதற்குள் ஸ்லம்ப், அதாவது கான்கிரீட்டின் இளக்கம், விழுந்துவிட்டது. பம்ப்பில் கான்கிரீட் ஏறவில்லை. கான்கிரீட்டை இளக வைக்கும் வேதிப்பொருளான அட்மிக்சரைச் சுட்ட களிமண் மிகுதியாக இழுத்துக்கொள்ளும் என்பதால், அட்மிக்சரில் ஒரு பகுதியைத் தளத்தில் வைத்துச் சேர்ப்பது, மணலின் ஈரத்தை லோடுக்கு லோடு பார்த்து நீரைத் திருத்துவது என்று வழி கண்டவர்கள், பொருள்களை அளந்து கலக்கும் எங்கள் பேட்சிங் ஆபரேட்டரும் ஆய்வக உதவியாளர்களும்தான். பின்னர் வெளிவந்த கட்டுரையில் அந்த வழிமுறை முழுமையாக இருந்தது. அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. டிப்ளமோ படித்தவர்களின் உழைப்புக்கு ஆராய்ச்சி என்ற தகுதி கிடையாதா என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பேராசிரியர்கள் அனைவரும் இப்படித்தான் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். சாதகமற்ற முடிவுகளை வெளியிடவிடாமல் தடுக்கும் நிறுவனங்களும் இத்துறையில் உண்டு. அதுவும் அதே அளவு தவறு. ஆகவே முதல் கலவையைப் போடுவதற்கு முன்பே, தரவு யாருக்கு உரியது, தோல்வியடைந்த சோதனைகள் வெளியிடப்படுமா, ஆசிரியர் பட்டியலில் யார் யார் இடம்பெறுவர் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள்; கலவை விகிதத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்குப் பேட்சிங் ஆபரேட்டரையும் அழையுங்கள்.