ஐந்து நாள் வேலையை மூன்று நாளில் கேட்கிறார்கள்

கேள்வி: பங்சார் சவுத்தில் ஒரு கணக்குச் சேவை நிறுவனத்தில் புதிதாகக் குழுத் தலைவி ஆகியிருக்கிறேன். என் கீழ் ஆறு பேர். மாதக் கடைசிக் கணக்கை ஐந்து நாளில் முடிக்கிறோம். அடுத்த மாதம் முதல் மூன்று நாளில் வேண்டுமாம். இப்போதே எல்லாரும் களைத்துப் போயிருக்கிறார்கள். மேலிடத்தில் எப்படிப் பேசுவது?
- வாசகி, கோலாலம்பூர்

பதில்: களைப்பைச் சொன்னால் ஆறுதல் கிடைக்கும், கூடுதல் நாள் கிடைக்காது. மணிக்கணக்கோடு போங்கள். ஆறு பேர், நாளுக்கு 8 மணி, ஐந்து நாளில் 240 மணி. மூன்று நாளில் 144தான். வேலைச் சட்டப்படி வழக்கமான நாளில் ஒருவரை 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. அந்த எல்லை வரை போனாலும் 216 மணிதான் வரும். ஆக, எல்லாரையும் இரவு வரை உட்கார வைத்தாலும் இது முடியாது. இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பிறகு அந்த 240 மணி எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த மாத முடிப்பில் ஒவ்வொருவரும் செய்த வேலை, ஆன நேரம், யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று ஒரே எக்செல் தாளில் குறிக்கட்டும். கிளைகளிலிருந்து தாமதமாக வரும் இன்வாய்ஸ், கையெழுத்துக்குக் காத்திருப்பு, திருப்பி அனுப்பிய பதிவுகள் என்று நிறைய வெளிவரும். ஓவர்டைம் எவ்வளவு செய்தாலும் காத்திருக்கும் நேரம் குறையாது. மாதந்தோறும் மாறாத பதிவுகளையும், குழும நிறுவனங்களுக்கிடையிலான கணக்குச் சரிபார்ப்பையும் 25ஆம் தேதியிலேயே தொடங்கிவிடலாம்.

மேலாளரிடம் தேர்வுகளாக வையுங்கள்: கிளைகளுக்கு இன்வாய்ஸ் கெடு வைத்து அதை அவரே அறிவிப்பது, மூன்றாம் நாள் முதன்மை அறிக்கை, ஐந்தாம் நாள் மற்றவை, அல்லது ஓவர்டைம் செலவு. மாதம் 3,120 ரிங்கிட் வாங்குபவருக்கு 26ஆல் வகுத்தால் நாளுக்கு 120, மணிக்கு 15. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 22.50. நாற்பது மணிக்கு 900 ரிங்கிட். தொகையைப் பார்த்தால் பேச்சு மாறும்.

ஒன்றில் கவனம் வேண்டும். சட்டப்படியான ஓவர்டைம் ஊதியம் மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவர்களுக்குத்தான். அதற்கு மேல் வாங்குபவரின் கூடுதல் நேரம் கணக்கில் தெரியாது, அதனால் வேலை சத்தமில்லாமல் அவர் தலையில் ஏறும். வாரம் 45 மணி என்ற வரம்பு அவருக்கும் உண்டு. அவருடைய நேரத்தையும் தாளில் எழுதுங்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஈடான மாற்று விடுப்புக்கு மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள்.

முடியாமல் மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப்போய் நீங்களே செய்துவிடாதீர்கள். புதிய தலைவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். மேலிடத்துக்கு ஆள் பற்றாக்குறை தெரியாமலே போகும், அடுத்த மாதமும் அதே மூன்று நாளைக் கேட்பார்கள். கூட்டம் முடிந்த அன்றே, எது ஒத்துக்கொள்ளப்பட்டது, எது தள்ளிப்போகிறது என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். குழுவிடமும் அதே விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.